கேட்கும் உரிமை

அசெம்பிள் செய்த கணினி வாங்கிய வீடுகளுக்கு இது பழகிய விஷயம். விண்டோஸ் போடும்போதே போட்டோஷாப்பும் கோரல்டிராவும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தனி விலை கிடையாது, உரிமம் பற்றி யாரும் கேட்பதும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் சிடியாகக் கிடைத்தது பிறகு பென்டிரைவில் வந்தது. இப்போது இணையத்திலிருந்து இறங்குகிறது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளிலும் ஃபிளெக்ஸ் பேனர்களிலும் ஏராளமானவை இப்படி உரிமப் பூட்டை உடைத்த, அதாவது கிராக் செய்த மென்பொருளில் உருவானவைதான்.

அதைப் பயன்படுத்துகிறவர்களைத் திருடர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வராது. சின்ன ஊரில் டிடிபி வேலை பார்க்கும் பெண்ணையோ, வீட்டில் வரைந்து பழகும் மாணவனையோ நினைத்து இந்த மென்பொருள்களின் விலைகள் வைக்கப்படவில்லை. 2013-இல் போட்டோஷாப்பை விற்கும் அடோபி தன் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிய பிறகு, காசு சேர்த்து ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் வழியும் அடைபட்டது.

லாபத்துக்குப் பயன்படுத்துவதற்கும் சும்மா பழகுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டமும் கொஞ்சம் பார்க்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு. தொழிலுக்கோ லாபத்துக்கோ அல்ல என்றால், சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம்.

ஆனால் கிராக் நம்மிடம் கேட்கும் விலை வேறு. கூடவே வரும் குறிப்பைத் திறந்து பாருங்கள்: இணையத்தைத் துண்டிக்கவும், ஆன்டிவைரஸை நிறுத்தவும், அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கவும். உரிமத்தைச் சரிபார்க்கும் கோப்பு இருந்த இடத்தில், எப்போதும் ஆமாம் போடும் ஒரு கோப்பு வந்து உட்காரும். அதோடு வேறென்ன உள்ளே வந்தது என்று பார்க்க ஆளில்லை. வாசலில் நின்ற காவல்காரரை நாமே அனுப்பிவிட்டோம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஸ்டாப்-டிஜேவியூ ரான்சம்வேர் வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் வாடிக்கையாளரின் பத்திரிகை டிசைனும் ஒன்றாகவே போகும்.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. கிராக் போட்டவர் எந்த நிறுவனத்துக்கும் வாடிக்கையாளர் அல்ல. பழைய போட்டோஷாப்பில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் ‘கொடி’ என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். அதனால் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களிலேயே தங்கினோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வெறும் குப்பை எழுத்து. அச்சான புத்தகத்தின் மூலக்கோப்பில் ஒரு சொல்லைத் தேட முடியாது. இணையத்தில் போட வேண்டுமென்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு பிழை திருத்த வேண்டும். இந்த அவதியை அன்றாடம் பட்டவர்களில் எத்தனை பேர் விற்றவரிடம் போய், “எங்கள் எழுத்தைச் சரியாகக் காட்டு” என்று கேட்டிருக்க முடியும்? காசு கொடுக்காதவரின் குறை எந்தக் கணக்கிலும் ஏறாது. தமிழ் எழுத்துருவை மாதக்கணக்கில் வரைந்தவரின் உழைப்பும் அதே சிடிக்களில்தான் இலவசமாகப் போனது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை: யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள்கள். புகைப்படம் திருத்த, பெர்க்லி மாணவர்கள் இருவர் தொடங்கி 1996-இல் வெளிவந்த ஜிம்ப், படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் அமைக்க ஸ்கிரிபஸ். முப்பரிமாண அனிமேஷனுக்கான பிளெண்டரைக் கட்டற்ற மென்பொருளாக்க 2002-இல் அதன் பயனர்கள் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டினார்கள். அதே பிளெண்டரில் செய்த ‘ஃப்ளோ’ 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இவற்றில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். போட்டோஷாப்பில் கை பழகியவருக்கு ஜிம்ப் முதலில் எரிச்சலூட்டும். அச்சகம் கேட்கும் சிஎம்ஒய்கே வண்ணமுறை விஷயத்தில் அது வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. ஆனால் குறையை எழுதி அனுப்பலாம். பதில் வரும். தெரிந்தவர் தானே இறங்கித் திருத்தவும் செய்யலாம்.

தொழில் காசு தரும்போது மென்பொருளுக்கும் காசு கொடுப்போம். முடியாதபோது கட்டற்றதைக் கற்போம். எந்த வழியில் போனாலும், தமிழ் எழுத்து உடையும் இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்ன பதிப்பு, இன்ன எழுத்துரு என்று எழுதி, செய்தவர்களுக்கு அனுப்புங்கள். அப்படிக் கேட்பவர்கள் பெருகினால்தான் அடுத்த பதிப்பில் நம் எழுத்துக்கு இடம் கிடைக்கும்.