அந்த 14 இலக்கங்கள்

முட்டைக்கும் லாரிக் கூடு கட்டுவதற்கும் பெயர்பெற்ற நாமக்கல் சீமையிலே, பழைய சரக்கு வண்டியொன்றை நடமாடும் உணவகமாக்கி, எருமப்பட்டியில் கலக்கியும் தோசையும் விற்பதென்று என் தங்கை மகன் சங்கற்பம் செய்துகொண்டபோது, அடுப்பை மூட்டுமுன் காகிதங்களை மூட்டை கட்ட வேண்டியிருக்குமென்பதை நாங்கள் இருவருமே உணரவில்லை.

உணவு விற்பதற்கு, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 14 இலக்கப் பதிவெண். வண்டியின் ரூபத்தை மாற்றியதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் சம்மதம். நிற்கும் இடத்துக்குப் பேரூராட்சியின் அனுமதி. இவற்றினிடையே, 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்கவேண்டுமென்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் பெண்களாக இருக்கவேண்டுமென்றும் விதித்திருப்பதைப் படித்தபோது, சட்டத்துக்கும் இருதயம் உண்டென்று தோன்றிற்று.

நேற்று மாலை அவன், தன் மருத்துவச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வண்டிக்குள் ஆணியில் மாட்டிவிட்டு, பெயின்டர் அந்தப் பதிவெண்ணின் இலக்கங்களை ஒவ்வொன்றாய் எழுதி முடிக்கும்வரை அருகிலேயே நின்றான். "ஒரு நம்பர்கூடத் தப்பாயிரக் கூடாதுங்க மாமா" என்றான்.

இத்தனை நாள் அலைச்சலில் எனக்கு உண்டான சலிப்பு அக்கணமே தணிந்தது. முன்பின் அறியாதவன் கைச்சோற்றை நம்பி வாயில் வைக்கிறவனுக்கு, அந்த எண்தானே பிணை!