கண்டக்டருக்குத் தெரிந்த கதவுகள்

போன மாதம் அக்கா மகன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். முப்பது வயது. மடியில் ஒன்றரை வயதுப் பிள்ளை, கையில் ரிப்போர்ட் கவர். "பெருங்குடல் புண்ணாம் மாமா. தீராதாம்" என்றவன், குரலை இறக்கி, "உங்களுக்கும் இதானே?" என்றான்.

இதேதான். 1991இல் நான் தருமபுரி–ஒகேனக்கல் பஸ்ஸில் கண்டக்டர். வயது 29, மகளுக்கு மூன்று. ரத்தம் போனதை மூலம் என்று நம்பி எட்டு மாதம் லேகியம் தின்றேன். சட்டை தொளதொளத்துப் போன பிறகுதான் வேலூர் சி.எம்.சி.க்குப் போனேன். குழாய் விட்டுப் பார்த்து, அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்றார்கள். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல்காரனே பெருங்குடலின் உள்தோலை அடிக்கிறான். சில மாதம் அடங்கும், மறுபடி கிளம்பும். களியாலா, காரத்தாலா என்று அம்மா ஒவ்வொரு சட்டியாகச் சந்தேகப்பட்டாள். சாப்பாட்டால் வந்ததில்லை, கிளம்பியிருக்கும் நாளில் மட்டும் களியைத் தள்ளிவைத்துக் குழைந்த சோறு தின்னச் சொன்னார் டாக்டர்.

நோயைவிட என்னை வதைத்தது டிக்கெட் பை. பென்னாகரம் தாண்டினால் காடு, வளைவு. நடுவழியில் வந்துவிட்டால்? அதனால் டூட்டி நாளில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அடிக்கடி லீவு. நான் சாராயத்தில் விழுந்துவிட்டதாக டிரைவர் அண்ணன் நினைத்திருக்கிறார். ஒருநாள் இண்டூரில் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "இதச் சொல்ல ஆறு மாசமாடா?" என்றார். அதன்பின் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பார். முகம் மாறினால் டீக்கடையில் வண்டி நிற்கும். டீ நல்லா இருக்குமோ என்று பயணிகளும் இறங்குவார்கள். (இருக்காது.)

வீட்டிலும் அதே கதைதான். பொதுக் கக்கூஸ், வரிசையாக ஐந்து குடித்தனம். நான் ஓடுவதும், கதவைச் சாத்துவதும், படுத்தால் கிட்ட வராதே என்பதுமாக இருந்தேன். ஒருநாள் கதவுக்கு வெளியே மகள் அழுகிறாள்: "அப்பாவுக்கு என்மேல கோவமா?" அந்தக் கேள்விக்கு வேலூரில் மருந்து இல்லை. "நீ விழுந்தா முட்டி சிராய்ச்சிக்குதில்ல? அதுமாதிரி அப்பா வயித்துக்குள்ள" என்றேன். மறுநாள் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் வயிற்றில் தடவினாள்.

எனக்குக் கொடுத்த மாத்திரை சல்ஃபாசலசின். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்துவிடக் கூடாது. ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்கு மருந்து தேடப்போய்க் கண்டது அது. இரண்டாம் வருடம் உடம்பு தேறியதும் நானாகவே நிறுத்தினேன். பதினான்கு நாள் ஆஸ்பத்திரி. மகளைப் பள்ளியில் சேர்த்த அன்றைக்கு நான் கட்டிலில் கிடந்தேன். மாத்திரையை நீயாக நிறுத்தாதே என்று அக்கா மகனிடம் இரண்டு முறை சொன்னேன். ஸ்டீராய்டு கொடுத்தால் அதையும் சட்டென்று விடக் கூடாது. எட்டு வருடம் ஆனால் புற்றுநோய்க்காகக் குழாய்ப் பரிசோதனை தொடங்க வேண்டும், தட்டிக்கழிக்காதே என்றேன்.

ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேவுக்கும் இதே நோய்தான், பதினேழு வயதிலிருந்து. 2007இல் இதனால் பதவி விலகினார், திரும்பி வந்து பல வருடம் ஆண்டார், 2020இல் மறுபடி இதற்காகவே விலகுவதாக அறிவித்தார். இதைச் சொன்னபோதுதான் பையன் முதல்முறை சிரித்தான்.

"வேலை செய்யற இடத்தில் சொல்லிட்டியா?"

"எப்படி மாமா சொல்றது?"

அவன் இப்போது சரக்கு வேன் ஓட்டுகிறான், அதே ரோட்டில். பிள்ளை அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி என்னிடம் நீட்டியது. ரிப்போர்ட் கவரின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன். இண்டூர் டீக்கடை, பின்கதவு. கடைக்காரப் பெரியவர் இப்போது இல்லை, அவர் மகன்தான் நடத்துகிறான். பழைய கண்டக்டர் அனுப்பினார் என்று சொல், சாவி தருவான்.