கல்மண்டபத்தில் ஒரு ஹெரால்டு

1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் புறப்பட்ட காலந்தொட்டு, சென்னையின் வடபகுதி யந்திரங்களின் அண்டையிலேயே வாழ்ந்து வருகிறது. ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் காசிமேட்டு மீன்பிடித் துறை, வடக்கே போகப் போக 1948-இல் தோன்றி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1956 முதல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களைச் செய்த ஆலை என்று பெரிய ஸ்தாபனங்களின் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே கை பழகியவர்களும், அவர்களிடம் கை பழகியவர்களும் தெருவோரங்களில் நடத்திவரும் பட்டறைகளைப் பற்றி அதிகமாக எழுதியவர் இல்லை. கல்மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கன்டெய்னர் லாரிகளின் டீசல் பம்ப்புகளும் விசைப்படகு எஞ்சின்களும் பிரித்துப் போடப்பட்டிருந்த ஓர் இடத்தில், பழைய மோட்டார் கார் ஒன்றின் இரட்டைக் கார்பரேட்டரைச் சீர்செய்யும் வேலையை ஆதியோடந்தமாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மிக்கேலோட்டி என்ற இத்தாலியர் உருவம் வகுக்க, 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்து, 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியாரால் செய்யப்பட்ட அந்த வண்டியை மூத்த சென்னைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். முன்பக்கத்து மட்கார்டு இரண்டையும் சேர்த்துக்கொண்டு அதன் பானட் முழுவதும் முன்னோக்கித் தூக்கிக்கொள்ளும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பரிசோதிக்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் தன்மையுடையதாகையால், கல்மண்டபத்துச் சந்துகளுக்கென்றே செய்ததுபோல அது எனக்குத் தோன்றிற்று. வண்டலூர் ஹெரால்டுக்குச் சாலெக்ஸ் கார்பரேட்டர் ஒன்றுதான். இங்கிலாந்தில் கூபே ரகத்துக்கோ இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர்களைப் பொருத்தினார்கள், சாதாரண வண்டியில் ஏறக்குறைய 35 குதிரைத்திறன் தந்த அதே 948 சி.சி. எஞ்சின், அதனாலும் வேறு சில மாறுதல்களாலும் 45 வரை தந்தது. யுத்தகாலத்து விமான ஓடுபாதையாக இருந்த சோழவரத்தில் மோட்டார் பந்தயங்கள் நடந்துவந்த காலத்தில், இரட்டைக் கார்பரேட்டர் பூட்டும் ஆசை சென்னை இளைஞர்களையும் பற்றிக்கொண்டது. துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற என் நண்பரின் தமையனார் அந்த இளைஞர்களில் ஒருவர். இரட்டைக் கார்பரேட்டரோடு கூடிய இந்த வண்டி அவருக்குப் பின் நண்பரிடம் வந்து சேர்ந்தது.

வண்டியின் வியாதி இதுதான்: நின்ற நிலையில் எஞ்சின் நடுங்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார்பரேட்டர் வாய் வழியாகத் திரும்பச் சீறும், வேகம் எடுத்துவிட்டால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே வேறோர் இடத்தில் கார்பரேட்டர் திருகுகளை எல்லாம் திருப்பிப் பார்த்து, நோயை ஒன்றுக்கு இரண்டாக்கி அனுப்பியிருந்தார்கள். கல்மண்டபத்து மேஸ்திரி, எழுபதை நெருங்கிய மனிதர், எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கேட்டார்; பிறகு நிறுத்திவிட்டு, கார்பரேட்டரின் பக்கமே திரும்பாமல் வால்வு மூடியைக் கழற்றச் சொன்னார்.

"கார்பரேட்டர் மேல பழி போட்றது ஈஸி சார். மொதல்ல டேப்பட்டு, அப்பால பாயிண்ட்டு, அப்பால டைமிங். இதெல்லாம் சரியா கீதுன்னு தெரிஞ்சப்பறம்தான் அதும்மேல கை வைக்கணும்" என்றார்.

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை இவர்கள் தௌ என்பார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் டேப்பட் இடைவெளி பத்து தௌ. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி பதினைந்து தௌ. ஃபீலர் கேஜை நுழைத்து இழுக்கையில் விரலுக்குத் தெரியும் பிடிப்பைக் கொண்டே, இடைவெளி சரியா தவறா என்று சொல்லிவிடுகிறார். ஒரு டேப்பட் இறுகியிருந்தது, பாயிண்ட் தேய்ந்திருந்தது. இரண்டையும் சரிசெய்து, நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் ஏறத்தாழ ஒன்றே என்று நிச்சயித்த பிறகு பிளக்குகளைக் கழற்றி, அவை இருந்த வரிசைப்படியே ஒரு பலகையில் வைத்தார். முன்னிரண்டும் கரி படிந்து கறுத்திருந்தன. பின்னிரண்டும் சாம்பல் வெளுப்பாக இருந்தன. முன் கார்பரேட்டர் ஒன்று, இரண்டாம் சிலிண்டர்களுக்கும், பின் கார்பரேட்டர் மூன்று, நான்குக்கும் உணவளிப்பதால், முன்னே பெட்ரோல் மிகுதி, பின்னே காற்று மிகுதி என்பது வெளிப்படையாயிற்று.

தர்க்க சாஸ்திரத்தில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதை உதாரணமாகச் சொல்வார்கள். பிரத்தியட்சத்திலிருந்து அனுமானத்துக்கும், அனுமானத்திலிருந்து மீண்டும் பரிசோதனைக்கும் போகும் அந்தப் பாதையை, ஏட்டறிவு சொற்பமே உள்ள ஒரு மனிதர், ஒரு படியையும் தாண்டாமல் நடந்துபோவதை நான் அங்கே பார்த்தேன். இப்படிப்பட்டவர்களைப் புகழும்போது நாம் "கைராசிக்காரர்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் புகழ்ச்சியில் ஓர் அநியாயம் இருக்கிறது. ராசி என்று சொன்னவுடனே, அவருடைய சிந்தனையை, பொறுமையை, இது அன்று, இதுவும் அன்று என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகும் அவருடைய நியாயத்தை, அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். டாக்டர் நாடி பார்த்து நோய் சொன்னால் அதை வித்தை என்கிறோமே!

எஸ்.யூ. கார்பரேட்டரின் அமைப்பைச் சற்று அறிந்தால்தான் மேலே நடந்தது விளங்கும். ஏறக்குறைய 1905-இல் இங்கிலாந்தில் இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் என்பவர் காலணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். முதலில் செய்த கார்பரேட்டர்களில் தோலால் ஆன துருத்தியே இருந்தது. பிற்காலத்தில் துருத்தியின் இடத்தில் பிஸ்டன் வந்தது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்குப் பிஸ்டன் மேலேறி வழிவிடுகிறது; அதன் அடியில் பொருத்திய, நுனியை நோக்கி மெலியும் ஊசி, ஜெட்டின் துவாரத்திலிருந்து உடன் எழும்பி, அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை மட்டும் விடுகிறது. பிஸ்டனின் நடுக்குழாயில் ஊற்றும் மெல்லிய எண்ணெய் அது திடீரென்று துள்ளி ஏறாதபடி தடுக்கிறது. பிஸ்டனும் அதன் கூடும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்யப்பட்டவை. ஒன்றின் பிஸ்டனை மற்றதன் கூட்டில் போடக்கூடாது. அதற்காகவே பட்டறைப் பையன் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு, முன்னதன் உறுப்புகளை ஒன்றிலும் பின்னதன் உறுப்புகளை மற்றொன்றிலும் பரப்பினான். கடற்காற்றில் அலுமினியக் கூடுகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. உப்புத்தாளால் தேய்க்கப் பையன் கை நீட்டியபோது மேஸ்திரி தடுத்து, பெட்ரோல் நனைத்த துணியைக் கொடுத்தார். துடைத்த பின் பிஸ்டனைத் தூக்கி விட்டால் "டக்" என்று அடித்தளத்தில் விழவேண்டும். இரண்டும் அப்படியே விழுந்தன. ஆகவே ஊசி ஜெட்டில் உரசுகிறது என்ற சந்தேகமும் விலகிற்று.

எஞ்சினை மறுபடி ஓடவிட்டு, மேஸ்திரி ஆயில் கேனை எடுத்தார். முன் கார்பரேட்டரின் த்ராட்டில் தண்டு கூட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு சொட்டு விட்டார். ஒரு மாறுதலும் இல்லை. பின் கார்பரேட்டரில் விட்டார். நடுக்கம் நின்றது! எஞ்சின் ஒரு சில விநாடிகள் சீராக ஓடி, எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டவுடன் பழையபடி நடுங்கிற்று. தண்டும் அதைத் தாங்கும் துவாரமும் தேய்ந்து, அந்த இடுக்கின் வழியே கணக்கில் வராத காற்று புகுந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் அந்த இடுக்கைக் கணநேரம் அடைத்தது. "ஏர் இழுக்குது" என்றார் மேஸ்திரி, அவ்வளவுதான். பின்னே புகுந்த காற்றால் எஞ்சின் தளர்வதைக் கண்டு, முன்பு வேலை பார்த்தவர்கள் முன் ஜெட்டை இறக்கி அதிகப் பெட்ரோல் விட்டிருக்கிறார்கள். கறுத்த பிளக்குகளுக்கும் வெளுத்த பிளக்குகளுக்கும் காரணம் ஒன்றே என்று தெரிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

தேய்ந்த துவாரத்துக்கு மருந்து திருகில் இல்லை, லேத்தில் இருக்கிறது. நாலு கடை தள்ளி, விசைப்படகுகளின் தண்டுகளுக்குப் புஷ் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறைக்குக் கார்பரேட்டர் போயிற்று. நாற்பது வயதுள்ள டர்னர் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கத்துத் துவாரங்களையும் பெரிதாக்கிக் கன்மெட்டல் புஷ் இறக்க வேண்டும். ஆனால் ஒரு பக்கத்தைக் கடைந்து, கழற்றி, மறுபக்கத்தைக் கடைந்தால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையா. தண்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒருமுறை கட்டிய கட்டிலேயே இரு துவாரங்களையும் முடிக்கவேண்டும். அதைக் கட்டி நிறுத்துவதற்கே அன்றைய முற்பகலில் பெரும்பகுதி சென்றது. கடைசல் சற்று நேரத்தில் முடிந்துவிட்டது. பித்தளைக் கம்பியில் புதுத் தண்டு கடைந்து, பட்டர்ஃபிளைத் தகடு நுழைய நடுவே அறுத்து, ரீமரால் புஷ்ஷின் உட்புறத்தைத் தண்டு தன் பாரத்தாலேயே வழுக்கி இறங்கும் அளவுக்கு எடுத்தார். தகட்டைப் பிடிக்கும் சிறு திருகுகளின் நுனியைப் பிளந்து விரித்தார். இல்லாவிட்டால் அவை கழன்று எஞ்சினுக்குள் விழும் அபாயம் உண்டு. லேத்தின் அருகில் நின்ற பொழுதில் நான் அவரிடம் பல கேள்விகள் கேட்டேன். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் தமக்கு வேலை அதிகம் என்றும், படகுகள் கரையேறிப் பழுது பார்ப்பது அப்பொழுதுதான் என்றும், கார் வேலை எப்போதாவது வருவது என்றும் சொன்னார். காருக்குச் சொந்தக்காரர்களில் எவரும் தம் பட்டறைக்குள் வந்ததில்லை என்பதையும் குறையாக அல்லாமல் ஒரு செய்தியாகவே சொன்னார்.

1940-இல் பிரிட்டிஷ் போர் விமானங்களின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின்களிலும் எஸ்.யூ. கார்பரேட்டர்களே இருந்தன. விமானம் மூக்கைச் சட்டென்று கீழே சாய்க்கும்போது பெட்ரோல் நிலைகுலைந்து எஞ்சின் அடங்கிப்போயிற்று. ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் எஞ்சினியர், துவாரமிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைப் பெட்ரோல் வரும் வழியில் பொருத்தி அதைப் பெரிதும் தணித்தார். ப்ரூக்லண்ட்ஸில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவரும் அவரே. அந்தச் சிறு துண்டுக்கு அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. கல்மண்டபத்து டர்னர் கடைந்த புஷ், கூட்டுக்குள் போனபின் கண்ணுக்கே தெரியாது. பில்லிலும் அது "லேத் சார்ஜ்" என்ற இரண்டு வார்த்தைதான். பெரிய காரியத்தையும் சிறிய காரியத்தையும் நான் சமமாக்கவில்லை. காரணத்தைக் கண்டவருக்கும் அதைக் கையால் நிவர்த்தித்தவருக்கும் பெயர் உண்டு என்ற வழக்கம் இங்கும் வரவேண்டும் என்பதே என் ஆசை.

கார்பரேட்டர்கள் திரும்பப் பூட்டப்பட்ட பிறகு நடந்தது, இரண்டு நாயனங்களைச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை. இரு தண்டுகளையும் இணைக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஒவ்வொன்றும் தனித்தனியே இயங்கும்படி விட்டு, ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியை முன் கார்பரேட்டர் வாயிலும் பிடித்து, காற்றுச் சீறும் சப்தத்தை மேஸ்திரி கேட்டார். பிறகு பின்னதன் வாயில் கேட்டார். என்னிடமும் குழாயைத் தந்தார். பின்னதன் சீற்றம் மெலிந்து சற்று உச்சத்தில் ஒலித்தது. ஐட்லிங் திருகை இம்மியளவு திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்தன. அடுத்தது ஜெட். ஜெட்டின் அடியிலுள்ள ஆறுபட்டை நட்டை உச்சிவரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டை இறக்குவது ஆரம்ப நிலை. அதன்பின் ஒரு பட்டை, அரைப் பட்டை என்றுதான் திருப்புவது. பிஸ்டனைத் துளியளவு தூக்கிப் பார்த்தால் எஞ்சினே பதில் சொல்லும்: வேகம் கூடி நிலைத்தால் பெட்ரோல் மிகுதி, எஞ்சின் அடங்கினால் குறைவு, கணநேரம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட்டைத் திருப்பினால் காற்றின் சமன் கெடும். ஆகவே மறுபடி குழாய், மறுபடி ஜெட். இரண்டும் ஒத்தபின், ஒரே கணத்தில் இரண்டு த்ராட்டிலும் திறக்கும்படி கிளாம்ப்பை இறுக்கினார்கள்.

சோதனை ஓட்டத்துக்குப் புறப்படுகையில் மேஸ்திரி டர்னரைக் கூப்பிட்டனுப்பி, "நீ செஞ்ச வேலப்பா, நீயே கேளு" என்று முன்னிருக்கையில் உட்காரவைத்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி நடுக்கமின்றி ஓடிற்று. ஆயினும் நடுவேகத்தில் ஒரு சிறு தயக்கம் மிஞ்சியிருந்தது. அதன் காரணம் பெட்ரோல். இப்பொழுது பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு பங்கு எடை பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது பங்கே போதும். பழைய பெட்ரோலுக்காகச் செதுக்கிய ஊசி, இந்தக் கலவைக்கு வேண்டியதைவிடக் குறைவாகவே தருகிறது. பழைய ரப்பர் குழாய்களுக்கும் தக்கை வாஷர்களுக்கும் எத்தனால் ஆகாது என்பதால் அவற்றை மேஸ்திரி முன்னரே மாற்றிவிட்டார்.

ஊசியைச் சற்றே தேய்த்து மெலிதாக்கிவிடலாமே என்றார் நண்பர். டர்னரால் அது முடியும். மேஸ்திரி சம்மதிக்கவில்லை. "தேய்ச்சத திருப்பி வளக்க முடியாது சார். ரெண்டு ஊசியும் ஒரே மாதிரி தேயும்னு யாரு கேரண்டி?" என்றார். அதிகப் பெட்ரோல் விடும் ஊசிகள் ஜோடியாக இங்கிலாந்தில் இன்றும் விற்கின்றன. அவற்றைத் தருவிக்கச் சொல்லி, அதுவரைக்கும் இரண்டு ஜெட்டையும் ஒரு பட்டை கூடுதலாக இறக்கி, எத்தனை பட்டை என்பதைப் பானட்டின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதிவைத்தார். தேய்ந்த தண்டை டர்னர் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த ஹெரால்டு வரும்போது அளவெடுக்கச் சொந்தக்காரர் காத்திருக்கவேண்டாம் என்றார்.