இளவரசி போட்ட கடிதம்

தத்துவம்னாலே தாடிக்காரங்க சமாச்சாரம்னு நம்ம மண்டையில ஏத்தி வச்சிருக்காங்க. கல்லூரியில் எனக்குக் கிடைத்த நோட்ஸில் ரெனே தெகார்த்துக்குப் பக்கம் பக்கமாக இருந்தது. கூடவே ஒரு வரி: 1644-ல் வந்த தன் தத்துவ நூலை ஒரு இளவரசிக்குக் காணிக்கையாக்கினார். அவ்ளோதான், பேர்கூட இல்ல.

பேர் எலிசபெத், பொஹீமியா இளவரசி. 1618-ல் பிறந்தவர். அப்பா நாட்டை இழந்ததால் குடும்பமே ஹாலந்தில் ஒதுங்கியிருந்தது. (பட்டுமெத்தைன்னு நினைச்சுடாதீங்க, கடன் தொல்லை வேற!)

1643 மே மாசம், 24 வயசுல, தெகார்த்துக்கு ஒரு கடிதம் போட்டார். மனசு வேற, உடம்பு வேறங்கறீங்க. மனசு இடத்தை அடைக்காதுங்கறீங்க. ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளணும்னா தொடணுமே, அப்புறம் மனசு எப்படி உடம்பை அசைக்குது?

அவர் கல்லின் கனத்தை உதாரணம் காட்டிப் பதில் எழுதினார். அம்மணி விடலை. இதுக்கு மனசும் ஒரு பருப்பொருள்னு ஒத்துக்கறதே சுலபமா இருக்கேன்னு திருப்பிக் கேட்டார். கடைசியில் தெகார்த், ரொம்ப யோசிக்காதீங்க, அன்றாட வாழ்க்கையிலேயே அது புரியும்ங்கற மாதிரி நழுவிட்டார். மனம், மூளைன்னு இன்னிக்கு மல்லுக்கட்டறவங்களும் அந்த இடத்துலதான் முட்டிக்கிட்டு நிக்கறாங்க.

அதே கடிதப் போக்குவரத்தில் எலிசபெத் இன்னொண்ணும் சொல்றார். வீட்டு விவகாரம், பேச்சு, மரியாதைக்குச் செய்யவேண்டியது எல்லாம் போக யோசிக்க நேரமே இல்லையாம். தெகார்த்தோ கிராமத்துத் தனிமையில் ஓய்வா இருக்கறதைப் பத்தி எழுதறார். படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரலை.

1650-ல் அவர் இறந்ததும், உங்க கடிதங்களையும் அச்சுக்குத் தாங்கன்னு எலிசபெத்தைக் கேட்டாங்க. மறுத்துட்டார். அதனால் உலகத்துக்குப் பதில்கள் கிடைச்சது, கேள்விகள் கிடைக்கலை. நகல்கள் நெதர்லாந்தில் ஒரு கோட்டை நூலகத்தில் சிக்கி, 1879-ல்தான் புத்தகமாச்சு. அதுக்கு 199 வருஷம் முன்னாடியே அவர் போயாச்சு.

வேண்டாம்னவங்க கடிதத்தைப் போடறது சரியா? எனக்கு உறுத்தத்தான் செய்யுது. இருந்தாலும் போட்டது நல்லதுன்னே சொல்வேன். உடம்பு சரியில்லாதது, குடும்பத் துக்கம் பத்தின பக்கங்களை மட்டும் கொஞ்சம் கூச்சத்தோட புரட்டினேன்.

லிசா ஷாப்பிரோ இரண்டு பக்கக் கடிதங்களையும் 2007-ல் இங்கிலீஷில் கொண்டுவந்தார். பிரெஞ்சு தெரிந்த புண்ணியவான் யாராவது தமிழ்ல செய்ங்க, முதல் பிரதி எனக்குத்தான்.