அம்மாவின் கண்கட்டி சொன்ன சேதி

போன மாதம் செட்டியார்பட்டிக்குப் போனபோது, அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்து வலது கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். மேல் இமை சிவந்து, நெல்மணி அளவுக்குக் கட்டி.

“மறுபடியுமாம்மா?”

“உடம்புச் சூடுடி. நாமக்கட்டி போட்டிருக்கேன், ரெண்டு நாள்ல அமுங்கிரும்.”

நான்கு மாதத்தில் இது மூன்றாவது. அம்மா நைட்டி தைப்பவர். எங்கள் ஊரிலும் பக்கத்துத் தளவாய்புரத்திலும் பல வீடுகளுக்கு இதுதான் பிழைப்பு. பீஸ் கணக்கில்தான் கூலி. கண் வலிக்கிறது என்று படுத்தால் அன்றைய காசு போச்சு. அதனால்தான் டாக்டரிடம் போகவே மாட்டார். போன தடவை நானும் ஒரு தப்பு செய்தேன். அப்பாவின் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்து மீந்திருந்த சொட்டு மருந்தை அம்மாவுக்கு விட்டேன்.

இந்த முறை விடாமல் ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து கதையைக் கேட்டதும் டாக்டர் முறைத்தார். அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம், திறந்து ஒரு மாதமானால் தூக்கிப் போட வேண்டும் என்றார்.

கண்கட்டி சூட்டினால் வருவதில்லையாம். இமை முடியின் வேரிலும் இமைக்குள்ளும் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை அடைபட்டு, நம் தோலிலேயே வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உள்ளே பெருகினால் கட்டி.

வைத்தியம் எளிது. சுத்தமான பருத்தித் துணியை, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் 10 நிமிடம் வைக்க வேண்டும். தினம் 3, 4 தடவை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக உடைந்து ஆறிவிடும். அம்மாவின் உள்ளங்கைச் சூடு சரியான யோசனைதான். கழுவாத கைதான் பிரச்னை. கட்டியைப் பிதுக்கக் கூடாது, முடியைப் பிடுங்கக் கூடாது, ஆறும்வரை கண்மை வேண்டாம். வலியில்லாத உருண்டையாக வாரக்கணக்கில் நின்றுவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். இமை முழுக்க வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார்: “சுகர் பார்த்திருக்கீங்களாம்மா?”

பார்த்ததே இல்லை. மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 212. சாப்பிடாமல் 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்கிறார்கள். சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும். கட்டி திரும்பத் திரும்ப வர அதுவும் ஒரு காரணமாகலாம். மூன்று கட்டிக்கும் நாமக்கட்டியை நம்பியிருந்தால், இன்னும் எத்தனை வருடம் தெரியாமலே இருந்திருப்போமோ!

அம்மா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தேதியை என் போனில் குறித்துவைத்திருக்கிறேன், அவர் மறந்துவிடுவார்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது கண்கட்டி அடிக்கடி வருகிறதா? ஒத்தடம் கொடுங்கள். அப்படியே ஒருமுறை சுகரும் பார்த்துவிடுங்கள்.