கையில் சீழ், தொடையில் வலி

டாப்டோமைசின் என்று சீட்டில் எழுதியவன் நான். அது நோயாளியின் தசையை நைத்து, பிறகு நுரையீரலையும் பிடித்தபோது, வேறு தொற்று என்று சொல்லி அதே மருந்தைத் தொடர்ந்து ஏற்றச் சொன்னவனும் நான்தான்.

அவர் லேத் பட்டறைத் தொழிலாளி. முறிந்த முன்கை எலும்புக்குப் பிளேட் வைத்த இடத்தில் சீழ் கட்டியிருந்தது. கல்ச்சரில் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி. முதலில் வாங்கோமைசின் கொடுத்தேன். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியதால் டாப்டோமைசினுக்கு மாற்றினேன். அதுவரை சரி. டாப்டோமைசின் ஏறுகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை சி.பி.கே. பார்க்க வேண்டும். தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி அது. தொடக்கத்தில் பார்த்ததோடு சரி, அப்புறம் எழுதவே இல்லை. நோயாளிக்குச் செலவு வைக்கக் கூடாதென்று விட்டேன் எனப் பிற்பாடு சொல்லிப் பார்த்தேன். பொய். மறந்துவிட்டேன். கொழுப்புக்காக அவர் ராத்திரி போட்டுவந்த அட்டோர்வாஸ்டாட்டினையும் நிறுத்தச் சொல்லவில்லை. அதுவும் தசையில் கைவைக்கும் மருந்துதான்.

தெரியாமல் செய்தேன் என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எலி லில்லி நிறுவனம் இந்த மருந்தைப் பாதியில் கைவிட்டதற்குத் தசைப் பாதிப்பே காரணம். நாளுக்கு ஒரே வேளை கொடுத்தால் அந்தத் தொல்லை குறைகிறது என்று கண்டு, கியூபிஸ்ட் நிறுவனம் 2003இல் அமெரிக்க அனுமதி வாங்கியது. இதையெல்லாம் மாணவர்களுக்கு ரசித்துச் சொல்வேன். நுரையீரலில் உள்ள சர்ஃபாக்டன்ட் இதைச் செயலிழக்கச் செய்துவிடும், அதனால் நிமோனியாவுக்குக் கொடுக்காதீர்கள் என்பேன். அங்கே வேலை செய்யாத மருந்து அங்கேயே கெடுதல் செய்யும் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

"சார், தொட வலிக்குதுன்னு கக்கூஸ்ல உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கிறாரு. நான்தான் அக்குள்ல கை குடுத்துத் தூக்குறேன்" என்றார் அவர் மனைவி.

"படுத்தே கெடந்தா அப்படித்தாம்மா இருக்கும். நடக்கச் சொல்லுங்க."

கையில் சீழ் பிடித்தவருக்குத் தொடை ஏன் வலிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு மருத்துவப் படிப்பே தேவையில்லை.

மூன்றாவது வாரம் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை. ஆஸ்பத்திரியில் தொற்றிய நிமோனியா என்று மெரோபெனம் சேர்த்தேன். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு கூடியிருந்தது. நம்மூர் வழக்கப்படி பூச்சி மாத்திரை கொடுத்தேன். டாப்டோமைசின் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

மூச்சு மோசமாகி ஐ.சி.யு.வுக்கு மாற்றினோம். அங்கே நுரையீரல் மருத்துவர் பிராங்கோஸ்கோப்பி செய்தார். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் ஈசினோஃபில் குவிந்திருந்தது. மருந்துச் சீட்டைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது: ஈசினோஃபிலிக் நிமோனியா. இந்த மருந்தால் இது வரலாம் என அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2010இலேயே எச்சரித்திருக்கிறது. அன்றுதான் சி.பி.கே.யும் பார்த்தோம். தசைவலியோடு 1000 தாண்டினாலே மருந்தை நிறுத்த வேண்டும். அவருக்கு 5000க்கு மேல். மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்ததும் மூச்சு சீக்கிரமே சீரானது. கை லைன்சோலிடில் ஆறியது. தொடைக்குப் பலம் திரும்பத்தான் வெகுநாளாயிற்று.

இதுவரை சொன்னது கவனக்குறைவு. அடுத்ததைத் தெரிந்தே செய்தேன். டிஸ்சார்ஜ் சீட்டில் 'நிமோனியா, குணமடைந்தார்' என்று மட்டும் எழுதினேன். மருந்தின் பெயரை விட்டேன். "உசிரக் காப்பாத்திக் குடுத்தீங்க சாமி" என்று அந்த அம்மா கும்பிட்டபோது பதிலுக்குக் கும்பிட்டேன்.

டாப்டோமைசினை மறுபடி ஏற்றினால் அதே நிமோனியா திரும்பக்கூடும். வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் என் சீட்டை நம்பி அதை எழுதினால் நோயாளியின் கதி என்ன? இந்த நினைப்பு தாளாமல்தான் அவரையும் மனைவியையும் வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தாளை மடித்துக்கொண்டார்.

பிறகு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவித்தேன். அங்கே மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. நோயாளியோ வீட்டாரோ 1800-180-3024 என்ற எண்ணில் கட்டணமின்றிச் சொல்லலாம். என்னைப் போன்ற மருத்துவர் வாய்திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.