அப்பா பார்க்காத கனடா

நான் வளர்ந்த வீட்டில் விடுமுறை என்றால் மூன்றே இடங்கள். மொன்றியலில் மாமி வீடு. லண்டனிலிருந்தோ ஊரிலிருந்தோ ஆக்கள் வந்தால் நயாகரா. கையில் காசு சேர்ந்த வருடம் என்றால் ஊர். உங்களில் பலருடைய வீட்டிலும் பட்டியல் கிட்டத்தட்ட இதுவாகத்தான் இருந்திருக்கும். மலை, ஏரி, பனியாறு என்று கார் எடுத்துக்கொண்டு திரிவது வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகளின் குடும்பங்கள் செய்கிற வேலை. செப்டெம்பரில் 'கோடை விடுமுறையில் என்ன செய்தாய்' என்று எழுதச் சொன்னால், நான் வருடா வருடம் நயாகராவைத்தான் எழுதினேன்.

அப்பா 1987இல் ரொறன்ரோ வந்தவர். பகலில் தொழிற்சாலை, இரவில் அலுவலகக் கட்டடங்கள் துப்புரவு செய்கிற வேலை. மூன்று பிள்ளைகளைப் படிப்பித்து, வீட்டுக் கடன் கட்டி முடித்து, ஊரில் இருந்தவர்களுக்கும் அனுப்பினார். இந்த நாட்டில் 38 வருடம் இருந்தும் ஒன்ராறியோவுக்கு மேற்கே ஒரு அடி வைத்ததில்லை. "உதெல்லாம் காசுள்ள சனத்துக்கு, பிள்ளை" என்பதுதான் எப்போதும் பதில். கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிவிட்டது. என்னுடைய பிள்ளைகளும் அந்தப் பட்டியலோடுதான் வளர்கிறார்கள் என்று ஒருநாள் உறைத்தது. மூத்தவளுக்கு 11 வயது. இரண்டு தடவை இலங்கைக்குப் போயிருக்கிறாள், கனேடிய மலை ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை.

ஆகவே போன செப்டெம்பரில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அப்பாவும் கல்கரிக்குப் பறந்து, ஒரு சின்னக் காரை வாடகைக்கு எடுத்து, ரொக்கி மலைகளைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆறு நாள். அம்மா தங்கச்சியின் பிரசவத்துக்காக ஒட்டாவாவில் நின்றுவிட்டார். விமான டிக்கெற் சேர்த்துவைத்த புள்ளிகளில் போனது. மற்றதெல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கும் 2,000 டொலருக்குள் முடிந்தது. எப்படி என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஒஸ்லோவிலோ சிட்னியிலோ இருந்தாலும் கணக்குப் போடுகிற முறை ஒன்றுதான்.

முதல் மிச்சம் மாதத்தில். ஜூலை, ஓகஸ்டில் பான்ஃப் பக்கம் தங்குமிடம் நினைத்துப் பார்க்க ஏலாத விலை. பள்ளிக்கூடம் தொடங்கியபின் விலை இறங்கும், கூட்டமும் குறையும். செப்டெம்பர் கடைசியில் லார்ச் என்கிற ஊசியிலை மரங்கள் பொன் நிறமாக மாறும். ஆனால் நான்கு நாள் பள்ளிக்கூடம் மறிக்க வேண்டும். இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் போன போக்கு! "பள்ளிக்கூடம் மறிச்சோ? மலை பாக்கவோ?" நான் ஒரு நாள் காய்ச்சலுக்குக்கூட வீட்டில் நிற்க விடாத மனிதர் அவர். ஆசிரியையிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியாகிவிட்டது, பயணக் குறிப்பு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் என்று சொன்னபிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இரண்டாவது, கார். விமான நிலையத்தில் எடுப்பதற்கும் நகரத்துக்குள் எடுப்பதற்கும் விலை வித்தியாசம் இருக்கும். இரண்டையும் பாருங்கள். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் தனிக் கட்டணம் வரும். நாங்கள் எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தோம். அதனால் போன வீதியாலேயே திரும்பி வந்தோம். அது நட்டமில்லை. காலையில் நிழலில் கிடந்த மலை பின்னேரம் வேறு மலை. சில ஒப்பந்தங்களில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீற்றர்தான் என்று வரம்பு இருக்கும். மலைப் பயணத்துக்கு அது சரிவராது. காப்புறுதி விஷயத்தைப் புறப்பட முதலே வீட்டிலிருந்து தீர்த்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் உங்கள் கார்க் காப்புறுதியில் ஓபிசிஎஃப் 27 என்ற இணைப்பு இருந்தால் வாடகைக் காருக்கு வரும் சேதத்தையும் அது பார்த்துக்கொள்ளும், எவ்வளவு தொகை வரை என்று கேட்டு வையுங்கள். சில கடன் அட்டைகளிலும் இந்த வசதி உண்டு, அந்த அட்டையிலேயே வாடகையைக் கட்டியிருக்க வேண்டும். இது தெரிந்தால் கவுண்டரில் நிற்கிற பிள்ளை "மலைக்குப் போறீங்கள், பெரிய வண்டி எடுங்கோ, முழுக் காப்புறுதி எடுங்கோ" என்று சொல்லும்போது சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லலாம். பிள்ளைகளின் இருக்கைகளை வீட்டிலிருந்தே கொண்டுபோனோம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதற்குக் காசு எடுப்பதில்லை. வாடகைக்கு எடுத்தால் நாளாந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது, படுக்கை. தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற பான்ஃபிலும் ஜாஸ்பரிலும் தங்காமல், பூங்கா எல்லைக்கு வெளியே கன்மோரில் இரண்டு இரவு, ஹின்ரனில் இரண்டு இரவு, கடைசி இரவு கல்கரி. ஹின்ரன் ஜாஸ்பரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர். அந்த ஓட்டத்துக்குக் கிடைத்த மிச்சம் பெரியது. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லை. எங்களைப் போல 13 வீதம் கட்டிப் பழகியவர்களுக்கு 5 வீதத்தோடு வருகிற பற்றுச்சீட்டைப் பார்க்கவே ஒரு சந்தோசம்.

பூங்கா அனுமதிக்கு 17 வயதும் அதற்குக் கீழும் காசு இல்லை. குடும்ப அனுமதி என்றால் ஒரு வாகனத்தில் வரும் ஏழு பேர் வரை. ஏழு நாளுக்கு மேல் நிற்பீர்கள் என்றால், அல்லது அதே வருடம் பொயின்ற் பீலி, புரூஸ் தீபகற்பம் என்று ஒன்ராறியோவிலும் போகிற எண்ணம் இருந்தால், வருட அனுமதி லாபம்.

சாப்பாடு? சொல்லவும் வேணுமோ. ரைஸ் குக்கர் பெட்டிக்குள் முதல் ஏறியது. புளிச்சாதம், முட்டை, கட்டாச் சம்பல், பாண். மத்தியானம் எங்கே ஏரி தெரிகிறதோ அங்கே மேசை. ஒன்று மட்டும் கவனம்: கரடிகள் உள்ள இடம். சாப்பாட்டையோ குப்பையையோ ஒரு நிமிடம்கூட வெளியே விட்டுவிட்டுப் போகக்கூடாது, காருக்குள் பூட்டி வைக்க வேண்டும். கரடி கண்டால் 100 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், மான் வகைகளுக்கு 30 மீற்றர். சின்னவன் இந்த எண்களைப் பாடமாக்கி அம்மப்பாவுக்குப் பரீட்சை வைத்தபடியே வந்தான்.

இனி அந்த வீதி. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீற்றர், ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே. நிற்காமல் ஓடினால் மூன்று மணித்தியாலம், நாங்கள் ஒரு முழு நாள் எடுத்தோம். பாரவூர்திகளுக்கு அனுமதி இல்லாததால் பின்னால் வந்து நெருக்க ஆள் இல்லை. பெரும்பாலான தூரத்துக்கு கைபேசிச் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முதலே தரவிறக்கி வையுங்கள். இடையில் பெற்றோல் கிடைப்பது சஸ்கச்சுவான் கிரொசிங் என்ற ஒரேயொரு இடத்தில்தான், அதுவும் குளிர்காலத்தில் இல்லை. லேக் லூயிஸில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். நவம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை குளிர்கால ரயர் கட்டாயம்.

போ ஏரி வீதிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. பேய்ற்றோ ஏரியைப் பார்க்கக் கொஞ்சம் ஏறி நடக்க வேண்டும். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல். "நுவரெலியாவை விட உயரம்" என்று அப்பாவிடம் சொன்னேன். மூச்சு வாங்க நின்றவர், "அதுதான் இப்பிடி இழுக்குது" என்றார். ஏரியின் நிறத்தைப் பார்த்து மகள் யாரோ சாயம் ஊற்றியிருக்கிறார்கள் என்றாள். பனியாறு நகரும்போது கீழே இருக்கிற பாறையை மாவாக அரைக்கும். அந்த மா தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் இந்த நீலம். "அம்மியில அரைச்ச மாதிரி" என்று அப்பா விளக்க, வீட்டு அம்மியை வீடியோவில் மட்டுமே கண்ட பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

அப்பா முன் இருக்கையில் இருந்து முதல் நாள் முழுக்க விலைதான் கேட்டுக்கொண்டு வந்தார். இந்தக் காருக்கு எவ்வளவு, இந்தத் தேத்தண்ணிக்கு எவ்வளவு. பார்க்வேயில்தான் அது நின்றது. இந்த வீதியை 1931இல் வெட்டத் தொடங்கினார்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். வேலை இல்லாதவர்களுக்கு நிவாரண வேலையாக மண்வெட்டியும் குதிரைகளுமாக வெட்டி, 1940இல் திறந்தார்கள். வரும்போது படித்ததைச் சும்மா சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இது காசுக்காரர் போட்ட ரோட்டு இல்லை" என்றார். அதற்குப் பிறகு விலை கேட்கவில்லை. இங்கே நிப்பாட்டு, அங்கே நிப்பாட்டு என்று அவர்தான் சொன்னார்.

கொலம்பியா பனிவெளியிலிருந்து இறங்குகிற அதபாஸ்கா பனியாறு வீதியிலிருந்தே தெரியும். பெரிய சக்கர வண்டியில் பனியின் மேல் கூட்டிக்கொண்டு போகிறார்கள், ஐந்து பேருக்குக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு விட்டோம். பனியாற்றின் அடிவாரத்தைப் பார்க்கப் போகிற நடைபாதை பூங்கா அனுமதியிலேயே அடங்கும். கட்டியிருக்கிற எல்லையைத் தாண்டிப் பனியில் கால் வைக்க வேண்டாம். மேலே மூடியிருக்கும், அடியில் ஆழமான வெடிப்பு இருக்கும். விழுந்து இறந்தவர்கள் உண்டு, பிள்ளைகள் உட்பட.

போகிற வழியில் ஆண்டு எழுதிய அடையாளங்கள் நிற்கின்றன. அந்த ஆண்டில் பனி இந்த இடம்வரை இருந்தது என்று பொருள். கடந்த 125 வருடங்களில் இது ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. பிள்ளைகள் ஆண்டுகளைத் தேடி ஓட, அப்பா மெல்ல மெல்ல வந்து 1992 என்று எழுதிய இடத்தில் நின்றார். எனக்கு அப்போது 8 வயது. அப்பாவுக்கு இரண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் அவரை விழித்திருக்கக் காண்போம்.

பனி அங்கிருந்து நன்றாகத் தள்ளிக் கிடந்தது. இடையில் வெறும் கல்லும் சேறும்.

"நான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கேக்க இது இவ்வளவு தூரம் போட்டுது" என்றார்.

என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். அவருடைய உழைப்பில்தான் நாங்கள் இங்கே நிற்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தெரியும். மகள் வந்து கையைப் பிடித்து, "அம்மப்பா, இன்னும் நடக்கலாமா?" என்று கேட்டாள். அவர் முழங்காலைத் தடவிவிட்டு நடந்தார். முடிவு வரை போனார்.

ஜாஸ்பருக்கு இறங்கும்போது கரிந்த மரங்கள் தொடங்கின. 2024 ஜூலைத் தீயில் அந்த ஊரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மீளக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா பிள்ளைகளிடம் எரிந்த ஊர்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார், யாழ்ப்பாணத்தைப் பற்றி. என்னிடம்கூட அவ்வளவு சொன்னதில்லை. அன்று அங்கேயே ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தோம், விலை கேட்காமல்.

எங்கள் தலைமுறை பெற்றோருக்குக் கொடுக்க நினைப்பது பெரும்பாலும் பெரிய விஷயங்கள்: சொகுசுக் கப்பல், ஊரில் வீடு, தங்கம். அதற்குக் காசு சேரும்வரை தள்ளிப்போடுகிறோம். ஒரு சின்னக் கார், ஒரு ரைஸ் குக்கர், நான்கு நாள் விடுமுறை போதும் என்று இப்போது நினைக்கிறேன். பிள்ளைகளுக்கும் இந்த நாடு வகுப்பறையில் படிக்கிற வரைபடமாக இல்லாமல், அம்மப்பாவோடு புளிச்சாதம் சாப்பிட்ட இடமாக மனதில் நிற்கும்.

அடுத்த வருடம் நோவா ஸ்கோஷியாவில் கபொட் ட்ரெயில், 298 கிலோமீற்றர், கடலோரம். அம்மாவும் வருகிறார், ஆகவே கொஞ்சம் பெரிய வண்டி வேண்டும். நீங்களும் யோசிக்கிறீர்கள் என்றால் தங்குமிடத்தை ஐந்தாறு மாதம் முன்பே பிடியுங்கள், திருப்பி இரத்துச் செய்யக்கூடிய விலையில். முன் இருக்கையை அப்பாவுக்கோ அம்மாவுக்கோ விடுங்கள்.